பரவளையத்துக்கு மையம் எங்கே?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாள்களாக வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். ஒரு வளைவு வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைச் சொல்லும் எண்ணை (eccentricity) நம் கையேட்டில் 'மையத்தொலைத் தகவு' என்பதா, 'வட்டவிலகல்' என்பதா என்ற பேச்சைத் தொடங்கி வைத்தவள் நான் என்பதால் பதில் சொல்லும் கடனும் என்னுடையது.

சேலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கூம்பு வளைவுகள் (கூம்பைத் தளத்தால் வெட்டினால் கிடைப்பவை) நடத்திக்கொண்டிருந்தேன். மையத்தொலைத் தகவு நீள்வட்டத்துக்கு 1-ஐ விடக் குறைவு, பரவளையத்துக்கு (parabola) சரியாக 1, அதிபரவளையத்துக்கு (hyperbola) 1-ஐ விட அதிகம் என்று எழுதிப்போட்டேன். ஒரு மாணவி எழுந்து, "பரவளையத்துக்கு மையமே கிடையாது என்று நேற்றுதானே சொன்னீர்கள், மிஸ்? பிறகு மையத்தொலை எப்படி வந்தது?" என்றாள்.

அவள் கேட்டது முழுக்கச் சரி. குவியம் (focus என்ற நிலையான புள்ளி) மையத்திலிருந்து விலகி நிற்கும் தொலைவை அரை நெட்டச்சால், அதாவது மிக நீண்ட விட்டத்தில் பாதியால், வகுப்பது நீள்வட்டத்தின் கதை. மூன்று வளைவுக்கும் பொதுவான வரையறை வேறு: வளைவின் எந்தப் புள்ளிக்கும், குவியத்திலிருந்து அதன் தொலைவுக்கும் இயக்குவரை என்ற நிலையான கோட்டிலிருந்து அதன் தொலைவுக்கும் உள்ள விகிதம். இதில் மையம் என்ற பேச்சே இல்லை. அதனால்தான் வானியல் எழுத்துகளில் ஏற்கெனவே புழங்கும் 'வட்டவிலகல்' போதும் என்றேன்.

அதை 'வட்டத்தின் விலகல்' என்று ஆறாம் வேற்றுமையாகப் படித்துவிடுவார்கள் என்று ஐயா ஒருவர் அஞ்சுகிறார். 'மலைவீழ் அருவி' என்றால் மலையிலிருந்து வீழும் அருவி; அதை யாரும் அப்படிப் படிப்பதில்லையே! ஏற்காட்டில் கிளியூர் அருவியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு 'வட்டத்திலிருந்து விலகல்' என்ற நீங்கல் பொருள் தானாகவே விளங்கும்.

'தகவு' வடிகட்டிய தமிழா, 'விகிதம்' எளிதா என்று நீண்ட சண்டையில் நான் தகவின் பக்கம். நடுவுநிலைமை அதிகாரத்தில் 'தகவிலர்' (நடுவுநிலை இல்லாதவர்) என்று வள்ளுவர் ஆண்ட சொல் அது; நிறுத்துப் பார்ப்பதும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் நெடுந்தொலைவில் இல்லை. அதிபரவளையத்தை 'மீவளையம்' ஆக்குவதைத் தனியாகப் பேசலாம். ஒன்று மட்டும்: பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் அப்பொலோனியஸ் நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் மூன்றுக்கும் வைத்த கிரேக்கப் பெயர்களுக்குக் குறை, நிகர், மிகை என்றே பொருள். செவ்வகலத்தோடு (குவியம் வழியே அச்சுக்குச் செங்குத்தாக அமையும் நாண்) பரப்பை ஒப்பிட்டு வைத்த பெயர்கள் அவை. அப்படியே தமிழாக்கியிருந்தால் 1-க்குக் கீழ், 1, 1-க்கு மேல் என்பதைப் பெயரே சொல்லிக் கொடுத்திருக்கும்.

என்னை அசைத்தது வானியல் அம்மாவின் மடல்தான். புதன் கோளின் பாதைக்கு இந்த எண் 0.2056. குற்றச்சை (மிகக் குறுகிய விட்டத்தை) நெட்டச்சால் வகுத்தால் ஏறத்தாழ 0.979. கண்ணுக்கு அது வட்டம். குவியத்தில் இருக்கும் சூரியனோ அரை நெட்டச்சில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் மையத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது. 'வட்டவிலகல்' அதை மறைத்துவிடும் என்கிறார். நேற்று இரவு அட்டையில் குவியங்களாக 4 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்தி, இடையே 20 செ.மீ. நூல் கட்டி வரைந்தேன். வட்டம் என்றே என் மகன் அடித்துச் சொன்னான்; ஊசித் துளைகளைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டான். அம்மா சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மை பரவளையத்துக்கு ஒரு மையத்தைத் தந்துவிடாது.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. தேர்வுத்தாளில் வருவது மையத்தொலைத் தகவு. பெரும்பான்மையும் அதையே வைக்கச் சொல்கிறது. வைக்கிறேன், உடன்பாடில்லாமல். பரவளையப் பக்கத்தின் ஓரத்தில் அந்த மாணவியின் கேள்வியை அப்படியே அச்சிடுகிறேன். குவியத்தையும் இயக்குவரையையும் மட்டும் கொண்டு யாராவது ஒரு பெயர் சொன்னால், வியாழன் இரவு வரை மாற்ற இடமிருக்கிறது.