இரண்டாவது சைரன் ஸ்பீக்கர் மாட்டியதும் சத்தம் குறைந்துவிட்டது, உதவி தேவை

தகரக்குழல்: அவசரம். போலீஸ் ரோந்து வண்டி ஒன்றில் சைரனுக்கு இரண்டாவது ஸ்பீக்கர் மாட்டினேன். சத்தம் கூடும் என்று பார்த்தால் முன்பைவிடக் குறைந்துவிட்டது. நாளைக் காலையில் வண்டியை ஒப்படைக்க வேண்டும். ஸ்பீக்கர் புதிது, சைரன் பெட்டியும் (ஆம்ப்ளிஃபயர்) ஓடுகிறது. என்ன கோளாறு?

ஓம்விதி: எத்தனை வாட்? எத்தனை ஓம்? சீரீஸா, பேரலலா? ஸ்பீக்கர்கள் எங்கே இருக்கின்றன?

பழையஈயம்: இங்கே கேட்கும் முன் பழைய இழைகளைப் புரட்டும் வழக்கம் போய்விட்டது போல. பரவாயில்லை, சொல்கிறேன். இது வோல்டேஜ் இறக்கம். 100 வாட் சைரன் 12 வோல்ட்டில் எட்டு, பத்து ஆம்பியர் இழுக்கும். இரண்டு ஸ்பீக்கர் என்றால் இரண்டு மடங்கு. பழைய மெல்லிய வயரிலேயே ஓட்டியிருப்பீர்கள். வயரை மாற்றுங்கள், வேலை முடிந்தது.

மழைக்காலம்: ஸ்பீக்கர் ஹார்னின் வாய் மேல்நோக்கி இருக்கிறதா சார்? எனக்கு ஒருமுறை அதில் தண்ணீர் தேங்கி, டயஃப்ரம் (உள்ளே அதிரும் சவ்வு) ஒட்டிக்கொண்டு, சைரன் சளி பிடித்த மாதிரி கத்தியது. முதலில் அதைப் பாருங்கள்.

ஓம்விதி: புது ஸ்பீக்கரில் தண்ணீர் எப்படி வரும்?

மழைக்காலம்: பழையதில் இருக்கலாமே.

தகரக்குழல்: இரண்டும் 100 வாட், 11 ஓம். பேரலல். பெட்டி 200 வாட் தாங்கும் என்று பின்னால் போட்டிருக்கிறது. கிரில்லுக்குப் பின்னால் ஓரடி இடைவெளியில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தண்ணீர் இல்லை. சைரன் ஓடும்போதே பெட்டி முனையில் 13.6 வோல்ட் காட்டுகிறது, இறக்கமும் இல்லை. இன்னொன்று, ஏதாவது ஒரு ஸ்பீக்கரைக் கழற்றினால் சத்தம் கூடுகிறது!

பழையஈயம்: மீட்டர் சரியான மீட்டரா?

அலைநீளம்: கடைசி வரியை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம் நண்பரே. இரண்டாவது ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. ஒன்றின் டயஃப்ரம் காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் மற்றது பின்னே இழுக்கிறது. நேர் எதிரே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

காதாலேயே சோதிக்கலாம். காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள், பத்தடி தூரத்தில் 120 டெசிபலைத் தொடும் சாமான் இது. சைரனை வெய்ல் (wail, மெதுவாக ஏறி இறங்கும் ஓலம்) முறையில் ஓடவிட்டு வண்டிக்கு நேர் எதிரே நில்லுங்கள், அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டுக்கு நடந்து வாருங்கள். முன்னால் சத்தம் செத்துக் கிடக்கும், பக்கத்தில் போனால் உயிர் வரும். அதுவும் ஏறி இறங்கும் சத்தத்தில் ஒரு சுருதியில் பொங்கும், இன்னொன்றில் அமுங்கும். 500 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 70 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 1800-ல் 19 சென்டிமீட்டர்தான். ஓரடி இடைவெளி இரண்டுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயரை மாற்றிக் கட்டுங்கள். இரண்டிலும் மாற்றினால் பழைய கதைதான்.

சுழலி: மோட்டார் சைரன் காலத்தில் இந்தத் தொல்லை உண்டா? காற்றை வெட்டிச் சுழலும் ரோட்டாரில் 10 துளை, நொடிக்கு 60 சுற்று, 600 ஹெர்ட்ஸ். கணக்கு முடிந்தது. மோட்டார் வேகம் பிடிப்பதும் அடங்குவதும்தான் அந்த ஓலம். இன்றைய பெட்டி வெய்ல் என்று அதைப் பார்த்து நடிக்கிறது.

ஓம்விதி: அந்த மோட்டாருக்குப் போடும் தீனியையும் சொல்லுங்கள். ஃபெடரல் சிக்னல் கம்பெனியின் க்யூ2பி மோட்டார் சைரன் 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் கேட்கும். தீயணைப்பு வண்டி தாங்கும், ரோந்துக் கார் பேட்டரிக்கு அது ஆகுமா? அதோடு மோட்டாரால் யெல்ப் போட முடியாது. யெல்ப் என்றால் சத்தம் நிமிடத்துக்கு 150 தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும்.

சுழலி: அமெரிக்கப் போலீஸ் மோட்டார் சைக்கிள்களில் பேட்டரியே இல்லாமல் ஓடியது. காலால் மிதித்தால் சைரனின் உருளை பின் டயரில் உரசிச் சுழலும்.

ஓம்விதி: வண்டி நின்றால் சைரனும் நிற்கும். நல்ல ஏற்பாடு! பிரிட்டனில் 1960கள் வரை போலீஸ் கார்களில் மணிதான் அடித்தார்கள், அதையும் திரும்பக் கொண்டுவரலாமா? கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கிறவனுக்கு இந்த உச்சக் குரல் எதுவும் உறைப்பதில்லை. அதற்காகத்தான் ரம்ளர் மாதிரிக் கட்டைக்குரல் சைரன்கள் வந்தன. 180 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை, காரின் தகடே அதிரும்.

மழைக்காலம்: சைரன் என்ற பெயர் எப்படி வந்தது, யாருக்காவது தெரியுமா?

அலைநீளம்: பிரெஞ்சு இயற்பியலாளர் காக்னியார் டி லா டூர் 1819-ல் வைத்தது. அவருடைய கருவி தண்ணீருக்குள்ளும் ஒலித்தது, அதனால் கிரேக்கக் கதையில் கடலோரம் பாடும் சைரன்களின் பெயர். உங்கள் தண்ணீர்க் கொள்கைக்கு இது ஆதாரம் ஆகாது.

பழையஈயம்: இழையின் தலைப்பு என்ன, நீங்கள் பேசுவது என்ன?

தகரக்குழல்: இடது ஸ்பீக்கரில் வயரை மாற்றிக் கட்டினேன். காது இன்னும் ரீங்கரிக்கிறது. நன்றி அலைநீளம்.

அலைநீளம்: அடைப்பான் வைக்கச் சொன்னேனே!

பழையஈயம்: எதற்கும் வயர் தடிமனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.