வெல்டர் சான்றிதழ் இருக்கு, 6ஜி டெஸ்டில் ஏன் விழறாங்க? – அனுபவப் பகிர்வு

திருவெறும்பூர் இன்ஸ்பெக்டர்:

ஐடிஐ வெல்டர் படிப்பு ஒரு வருடம். அதில் பெரும்பகுதி பிளேட்டிலேயே போய்விடுகிறது. ஆள் எடுக்கிற பாய்லர் பட்டறையும் வளைகுடா ரிஃபைனரியும் கேட்பதோ பைப். டெஸ்டில் விழும் பையன்களுக்குக் கை வராமல் இல்லை, பைப்பைத் தொட்ட நேரம்தான் போதவில்லை.

6ஜி டெஸ்டில் குழாயை 45 டிகிரி சாய்த்து இறுக்கிவிடுவார்கள். குழாய் சுற்றாது, வெல்டர்தான் சுற்றிவர வேண்டும். பெரும்பாலும் ரூட் எனும் முதல் அடுக்கு ஆர்கான் கேஸ் வெல்டிங்கில், அதற்கு மேல் 7018 எனும் வெல்டிங் ராடில்.

பலர் ஆர்க் (மின்பொறி) அடிக்கும் முன்பே தோற்கிறார்கள். பெவல் (குழாய் முனையின் சரிவு) ஒரு பக்கத்துக்கு 37.5 டிகிரி, ரூட் ஃபேஸ் (சரிவின் அடியில் விடும் தட்டை விளிம்பு) 1 முதல் 1.5 மி.மீ., இரண்டு குழாய்க்கும் நடுவே கேப் 2.5 முதல் 3 மி.மீ. பெவலை ஒட்டி உள்ளேயும் வெளியேயும் ஓர் அங்குலத்துக்குத் துரு, பெயின்ட், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. குழாய்களைப் பிடித்து நிறுத்த நாலு டேக் (சின்ன வெல்ட்) போட்டு, ஒவ்வொரு டேக்கின் இரண்டு முனையையும் கிரைண்டரில் சரிவாக்கணும். சரிவாக்காத டேக் முனையில் ரூட் ஒட்டாது, எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடாக வந்துவிடும். இன்னொன்று, ஒரு பக்கம் ரூட் ஓட ஓட எதிர்ப்பக்கம் கேப் சுருங்கும். கடைசியாக முடிக்கிற இடத்தில் அரை மி.மீ. கூடுதலாக விட்டு டேக் அடித்தால் பிழைக்கலாம்.

குழாயின் வட்டத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். ரூட்டில் ஆறு மணிப் பக்கம், அதாவது அடியில், உலோகம் நம்மை நோக்கி இறங்கி, குழாயின் உள்ளே குழி விழும். பன்னிரண்டு மணிப் பக்கம் நேர்மாறு, உள்ளே அளவுக்கு மேல் தொங்கும். ஒரே ஆம்பியர், ஒரே கைவேகத்தில் சுற்றி வருகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். நிறுத்தும்போது டார்ச்சை வெடுக்கென்று எடுத்தால் ஊசித்துளை விழும். ஆர்க் அணைந்த பிறகும் கேஸ் நிற்கிற வரை அங்கேயே பிடியுங்கள். வெல்டை வளைத்துப் பார்க்கும் பெண்ட் டெஸ்டில் 3 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்தால் ஃபெயில்தான்.

ஐடிஐ பயிற்றுநர்:

சார் சொன்னதோடு ராடையும் சேர்க்கணும். பயிற்சியில் ஓடுவது 6013 ராட். கை கொஞ்சம் தவறினாலும் அது தாங்கிக்கொள்ளும், 7018 தாங்காது. ஆர்க் குட்டையாகவே இருக்கணும், நீண்டால் போரோசிட்டி, அதாவது வெல்டுக்குள் சின்னச் சின்னத் துளைகள். டிசி மெஷின், ராட் பாசிட்டிவில். 3.15 மி.மீ. ராடுக்கு 100 முதல் 130 ஆம்பியருக்குள் வையுங்கள்.

7018 ராடை 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுட்டு, பிறகு சூடான அடுப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கணும். பாக்கெட்டைப் பிரித்து மேசையில் போட்டு வைத்தால் ஈரம் ஏறிவிடும். ஈர ராடால் வரும் துளையைப் பார்த்துவிட்டுப் பையன் தன் கையைக் குறை சொல்லிக்கொள்கிறான். அடுப்பு வாங்கித் தராமல் அவனுக்குத் திறமை இல்லை என்று சொல்வது நியாயமே இல்லை.

பைப் விலைதான் பயிற்சிக்குப் பெரிய தடை. ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வெட்டித் தள்ளும் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். நாலு அங்குல நீளம் இருந்தால் போதும். வெல்ட் செய்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து மறுபடி பெவல் போட்டால், அதே ஜோடி பல தடவை வரும். முழுச் சுற்றும் அடிக்க வேண்டியதில்லை. ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை உள்ள இடத்தைத் திரும்பத் திரும்ப அடியுங்கள், விழுவது அங்கேதான்.

துவாக்குடி காண்ட்ராக்டர்:

தேறிய பிறகும் ஒரு ஆபத்து இருக்கு தம்பிகளா. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் செக்ஷன் 9 விதிப்படி, ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் வேலை செய்யாமல் இருந்தால் அந்த முறைக்கான தகுதி போய்விடும். ஆர்டர் இல்லாத காலத்தில் பெயின்டிங், டெலிவரி என்று போகிறவர்களுக்கு இப்படித்தான் கைவிட்டுப் போகிறது. அடுத்த வேலைக்கு மறுபடி டெஸ்ட், மறுபடி செலவு. ஆறு மாதத்துக்குள் ஒரு ஜாயின்டாவது அடித்து, தேதியோடு முதலாளியிடம் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஆர்கானுக்கும் ராடுக்கும் தனித்தனியாக வேண்டும்.

வெளிநாட்டு வேலை ஆலோசகர்:

வளைகுடாவுக்கு ஆள் எடுப்பவர் உரிமம் பெற்ற ஏஜென்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் முதலில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிவு செய்து வையுங்கள்.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவைப்படும்) வகையில் வரும். வளைகுடா வேலைக்குப் போக அவர்களுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம், அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் உண்டு. விசிட் விசாவில் போனால் இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. ஒப்பந்தத்தில் பதவி, அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம் மூன்றும் எழுத்தில் இருக்கணும். ஆஃபர் லெட்டரில் வெல்டர், விசாவில் லேபர் என்று வந்தால், திருத்தித் தரும்வரை பணமும் கட்டாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்.