புற்றுக்காளானா, பச்சை வித்துக்காளானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். உன்னிச்சைப் பக்கம் மழை விட்டதும் கறையான் புற்றுக்குப் பக்கத்துப் புல்லில் காளான் கூட்டமாக முளைத்திருக்கிறது, மாமி புற்றுக்காளான் என்று கறிக்கு ஆயத்தம், எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. தொப்பி வெள்ளை, மேலே பழுப்புச் செதில், தண்டில் மேலும் கீழும் நகருகிற வளையம். தோண்டினால் அடி சற்று வீங்கி அதோடு முடிகிறது. புற்றுக்காளானுக்கு வேர் மாதிரி ஒன்று புற்றுக்குள்ளேயே நீண்டு போகுமே, அது இல்லை. தொப்பியை இரவு கண்ணாடியில் கவிழ்த்து வைத்ததில் விழுந்த வித்துத்தூள் மங்கல் பச்சை. டெர்மிட்டோமைசிஸ் (புற்றுக்காளான் இனம்) என்றால் இளஞ்சிவப்பாக அல்லவா விழ வேண்டும்? அதனால் வாந்தி, வயிற்றோட்டம் கொடுக்கும் பச்சை வித்துக்காளான் (குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ்) என்றே நினைக்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கில் வித்து முட்டை வடிவம், தடித்த சுவர், ஒரு நுனி வெட்டிவிட்டது போல.

மெல்சர் கரைசல் (வித்தின் நிறமாற்றம் பார்க்கும் அயோடின் கரைசல்) மட்டக்களப்பிலோ ஒலுவில் பக்கமோ யாரிடமாவது இருக்கா? ஒரு சொட்டு போதும், வித்து செம்பழுப்பாக மாறுகிறதா என்று பார்க்க. அப்புறம், ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (நுண்ணிய அளவுகோடு போட்ட கண்ணாடித் தகடு) இல்லாமல் வித்தின் நீளத்தை அளக்க வழி தெரிந்தாலும் சொல்லுங்கள். படங்கள் கீழே. "வெள்ளிக்காசு போட்டு அவித்துப் பாருங்க, கறுத்தால் நஞ்சு" என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம், அது எதையும் காட்டாது.