வேலூர்ல வாங்குற கிட்னி மாத்திரைய ஆந்திராப் பக்கம் எப்படி வரவழைக்கிறீங்க?

குடிபாலா அக்கா
27 ஏப்ரல் 2020

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சித்தூர் ஜில்லா, குடிபாலா பக்கம். பேருதான் ஆந்திரா. ஜுரம் வந்தாலும், பல்லு வலிச்சாலும், புள்ள பொறக்கணும்னாலும் வேலூருக்குத்தான் ஓடுவோம். பஸ்ஸுல பேசிக்கினே வந்தா கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் எப்ப தாண்டுச்சுன்னே தெரியாது, காட்பாடி வந்துரும். இப்ப கொரோனா லாக்டவுன்ல அதைத் தாண்ட முடியல.

என் தம்பிக்கு 2018ல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில கிட்னி மாத்துனாங்க. அம்மா கொடுத்த கிட்னி. அதுலேர்ந்து காலையில 8 மணி, ராத்திரி 8 மணி பான்கிராஃப், அதாவது டாக்ரோலிமஸ் மாத்திரை. கூட மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன். எல்லாம் வேலூர்லதான் வாங்குறது. மூணு மாசத்துக்குச் சேர்த்து வாங்கி வச்சிருக்கலாமேன்னு தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க. பால் காசு வந்தாதான் மாத்திரை காசு.

மார்ச் 24 ராத்திரி பிரதமர் டிவியில பேசுனப்போ தம்பி மாத்திரையக் கையில வச்சிக்கினு கேட்டுக்கினு இருந்தான். 21 நாளுன்னாங்க. நைனா, “இருக்கிறத வச்சு ஓட்டிரலாம்”னாரு. ஏப்ரல் 14ல மறுபடி மே 3 வரைக்கும்னு சொல்லிட்டாங்க. இப்ப டப்பாவுல இருக்கிறது மே முதல் வாரத்தைத் தாண்டாது. ரத்த டெஸ்ட்டும் தள்ளிப்போச்சு.

இங்க ஊர் நிலைமையும் சொல்லிடறேன். ஊருக்குள்ள வர்ற வழியில முள்ளு வெட்டிப் போட்டு வச்சிருக்காங்க. அரசாங்க வாலண்டியர் பையன் வீடு வீடா வந்து இருமல் இருக்கா, வெளியூர் போயிட்டு வந்தீங்களான்னு எழுதிக்கினு போறான். நல்ல பையன்தான், அரசாங்கம் கொடுத்த 1000 ரூபாயும் அவன்தான் வாசல்ல வந்து கொடுத்தான். ஆனா வேலூர் போய் வந்தோம்னு சொன்னா 14 நாள் வீட்டுக்குள்ள போட்டுருவாங்க. அப்புறம் பாலை யாரு கறந்து சென்டருக்கு எடுத்துக்கினு போறது? தோட்டத்துல பெங்களூரா மாங்கா வேற முத்திக்கினு வருது, வாங்க வர்ற வியாபாரி எவனும் தலை காட்டல.

இதுக்கு நடுவுல சைனகுண்டா பக்கமும் பொன்னை ரோட்டுலயும் தமிழ்நாட்டுக்காரங்க ரோட்டுக்குக் குறுக்க கல்லு வச்சு சுவரே கட்டிட்டாங்கன்னு போட்டோ வருது. பார்த்ததுலேர்ந்து அம்மா சரியா சாப்பிடல.

மூணு விஷயம் கேக்கணும். சித்தூர் கடையில வேற கம்பெனி மாத்திரை இருக்குன்றாங்க, அதே மருந்துதானாம், மாத்திக் கொடுக்கலாமா? ரத்த டெஸ்ட்ட இங்கயே எடுக்க முடியுமா? ராணிப்பேட்டை அத்தை கபசுரக் குடிநீர் பொடி அனுப்பிச்சிருக்காங்க, தம்பிக்கும் கொடுக்கச் சொல்லி தினம் போன். கொடுக்கலாமா?

மூலிகை மன்னன்
27 ஏப்ரல் 2020

கபசுரக் குடிநீரைத் தமிழ்நாட்டு அரசாங்கமே கொடுக்குதும்மா. தைரியமா கொடுங்க. இங்கிலீஷ் மருந்துதான் கிட்னியக் கெடுக்கும்.

பலமநேர் மாமா
27 ஏப்ரல் 2020

மூலிகை மன்னனுக்கு: அந்தக் குடிநீரை அரசாங்கம் கொடுக்கிறது பொதுஜனத்துக்கு. அந்தப் பொண்ணோட தம்பி சாப்பிடறது உடம்போட எதிர்ப்பு சக்தியை வேணும்னே அடக்கி வைக்கிற மாத்திரை. அடக்கலைன்னா உடம்பு அந்தக் கிட்னிய வேத்தாள்னு நெனச்சுத் தாக்கும். அப்படிப்பட்டவனுக்கு எதிர்ப்பு சக்தி ஏத்துறேன்னு டாக்டருக்குத் தெரியாம எதையும் ஊத்தக்கூடாது. அத்தை மனசு நோகாம பொடியை வாங்கி வை, நைனாவுக்குக் கொடு.

நானும் கிட்னி மாத்தினவன்தாம்மா, அதனால உரிமையோட சொல்றேன். கம்பெனி மாத்துற விஷயம். பேரு டாக்ரோலிமஸ்னு ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா இந்த மருந்துல ரத்தத்துல நிக்கிற அளவு கொஞ்சம் கொறஞ்சாலும் ஆபத்து, கொஞ்சம் ஏறினாலும் கிட்னிக்கே கெடுதி. கம்பெனி மாறினா அந்த அளவும் மாறலாம். அதனால நீயா மாத்தாதே. வேற வழியே இல்லைன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்து, மாத்தின பிறகு ரத்தத்துல அளவு பார்த்தே ஆகணும். ஆனா ஒண்ணு, மாத்திரையே இல்லாம ஒரு வேளை கூட விடாதே. அதுக்கு வேற கம்பெனி எவ்வளவோ மேல். இருக்கிறத நீட்டிக்கிறதுக்காகப் பாதிப் பாதியா கொடுக்கிற வேலையும் வேணாம், எங்க ஆளு ஒருத்தர் அப்படித்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தார், சத்தம் போட்டு நிறுத்தினேன்.

டாக்டரைப் பார்க்க நேர்ல போகணும்னு இல்ல. மார்ச் 25லயே மத்திய அரசு போன்ல வைத்தியம் பார்க்க விதிமுறை போட்டுருச்சு. பழைய நோயாளிக்கு அதே மருந்தைத் தொடர்ந்து எழுதிக் கொடுக்கலாம், கையெழுத்துப் போட்ட சீட்டை வாட்ஸ்அப்ல அனுப்பினாலும் செல்லும். ஆஸ்பத்திரி போன் நம்பரைக் கையில வச்சுக்கிட்டு போன் கிடைக்கிற வரைக்கும் விடாம அடி. தம்பியோட ஆஸ்பத்திரி சீட்டுல இருக்கிற எண்ணைத் தயாரா வச்சுக்கோ, முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

தம்பி வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். பால் சென்டருக்குப் போறவங்க திரும்பி வந்ததும் கை கால் சோப்பு போட்டுக் கழுவாம அவன் பக்கத்துல போக வேணாம். ஜுரம், உடம்பு வலின்னு வந்தா கடையில வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுரப் போறான். டாக்டருக்குத்தான் முதல் போன்.

காட்பாடி மெடிக்கல்
28 ஏப்ரல் 2020

அக்கா, நான் மருந்துக்கடையில வேலை செய்யறேன். எங்களை மாதிரி கடைங்க வீட்டுக்கே மருந்து அனுப்பலாம்னு மார்ச் 26ல ஆர்டர் வந்துச்சு, ஆனா கடை இருக்கிற ஜில்லாவுக்குள்ள மட்டுந்தான். வேலூர் கடைக்காரன் சித்தூர் ஜில்லாவுக்கு அனுப்ப முடியாது. நெறைய பேர் போன் பண்ணித் திட்டறாங்க, நாங்க என்ன பண்றது.

வழி இருக்கு. காட்பாடியிலயோ வேலூர்லயோ சொந்தக்காரங்க யாராவது இருந்தா டாக்டர் சீட்டை அவங்க போனுக்கு அனுப்புங்க. அவங்க கடையில வாங்கி ஸ்பீடு போஸ்ட்ல போடட்டும். தபால் ஆபீஸ்ல இப்ப மருந்துப் பார்சலுக்குத்தான் முதல் மரியாதை. மேல பெருசா மருந்துன்னு எழுதிட்டு, சீட்டு ஜெராக்ஸ் ஒண்ணை உள்ள வைக்கச் சொல்லுங்க. அவசரம்னா கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டுக்கே எடுத்து வரட்டும். அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் அவங்க. சீட்டைக் காட்டி போலீஸ்கிட்ட தன்மையா கேட்டா பார்சலை மட்டும் கை மாத்த விடறாங்க, எங்க கடைக்கு வந்த பலமநேர்காரர் ஒருத்தர் அப்படித்தான் வாங்கினார். ஆள் தாண்டணும்னாதான் பாஸு, டெஸ்ட்டு, 14 நாளு எல்லாம்.

வெயில்ல பைக் டேங்க் மேல வச்சு எடுத்துக்கிட்டு வர வேணாம்னு சொல்லுங்க. ஏப்ரல் வேலூர் வெயிலு.

சித்தூர் லேப்
28 ஏப்ரல் 2020

ரத்தம் இங்கயே எடுக்கலாங்க்கா. கிரியாட்டினின் எந்தச் சின்ன லேப்லயும் பார்ப்பாங்க, அதை முதல்ல பாருங்க, கிட்னி எப்படி இருக்குன்னு ஓரளவு தெரிஞ்சுரும். டாக்ரோலிமஸ் அளவு மட்டும் நாங்க எடுத்து வெளியூர் பெரிய லேபுக்கு அனுப்பணும். வண்டி போறதைப் பொறுத்து ரிசல்ட் லேட்டாகலாம்.

எல்லாரும் கோட்டை விடறது எங்கன்னா, காலை மாத்திரையப் போட்டுட்டு வந்துடறாங்க. போடக்கூடாது. ராத்திரி 8 மணிக்குப் போட்டா மறுநாள் காலை 8 மணி சுமாருக்கு ரத்தம் கொடுத்துட்டு, அப்புறந்தான் அன்னைக்கு மாத்திரை. இல்லைன்னா அளவு தப்பா ஏறிக் காட்டும், அதைப் பார்த்து டாக்டர் மருந்தைக் கொறச்சுட்டா வம்பு. இன்னொண்ணு, ஊதா மூடி போட்ட குழாய்ல எடுக்கணும், இந்த டெஸ்ட்டுக்கு முழு ரத்தம் வேணும். புதுசா சேர்ந்த பசங்க சிவப்பு மூடியை எடுத்துருவாங்க, நீங்களே கேட்டுப் பாருங்க.

காட்பாடி மெடிக்கல்
29 ஏப்ரல் 2020

அந்தச் சுவத்தை இடிச்சுட்டாங்கக்கா. அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்க.

குடிபாலா அக்கா
2 மே 2020

எல்லாருக்கும் கும்பிடு. போன்ல டாக்டர் கிடைச்சாரு, சீட்டு வாட்ஸ்அப்ல வந்துச்சு. கம்பெனி மாத்த வேணாம்னுட்டாரு. காட்பாடியில இருக்கிற சித்தப்பா பையன் வாங்கிக்கினு கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டுக்கு வந்தான். போலீஸ்காரர் ஒருத்தர் சீட்டைப் படிச்சுப் பார்த்துட்டு, “யாருக்கும்மா?”ன்னாரு. தம்பிக்குன்னேன். அவரே பார்சல் மேல கிருமி மருந்து தெளிச்சு இந்தப் பக்கம் நகத்திவிட்டாரு. சித்தப்பா பையன் அந்தப் பக்கத்துலேர்ந்து மாங்கா கேட்டான். மாங்காய்க்கு பர்மிஷன் கேக்க எனக்கு வாய் வரல.

மூலிகை மன்னன் அண்ணா கோச்சிக்காதீங்க, கஷாயம் நைனாதான் குடிக்கிறாரு, கசப்புன்னு தினம் ஒரு சண்டை.

லாக்டவுன் 17 வரைக்கும்னு நேத்து நியூஸ். அதனால ரத்த டெஸ்ட்ட இனிமே தள்ளிப்போட மாட்டோம். சித்தூர் லேப் தம்பி, திங்கக்கிழமை காலையில கூட்டிக்கினு வரலாம்னு இருக்கேன், மாத்திரையக் கையிலயே எடுத்துக்கினு வரோம். எட்டு மணிக்கு உங்க லேப் திறந்திருக்குமா? டவுனுக்குள்ள எந்த ரோட்டுல விடறாங்கன்னும் சொல்லுங்க.