வெள்ளை அணு 2.1 இருக்கு, பத்துமலைக்குக் கூட்டிப் போகலாமா?

செந்தூல் அம்மா:
மகனுக்கு 5 வயது, ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். நோய் திரும்பாமல் இருக்கத் தரும் நீண்டகால கீமோ (மெயின்டனன்ஸ்) நடக்குது: தினமும் 6-எம்.பி. மாத்திரை, வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட். நேற்றைய ரிப்போர்ட்டில் வெள்ளை அணு 2.1, அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 22%. தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகலாமா? லேசாச் சூடு வந்தா பானடோல் (பாராசிட்டமால்) கொடுத்துப் பார்க்கலாமா? தங்கச்சிக்கு 9 மாதம், எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) தடுப்பூசி போட்டா அந்தக் கிருமி இவனுக்கு ஒட்டுமா?

வார்டு தாதி, பினாங்கு:
அக்கா, மொத்த எண்ணிக்கையை வச்சு முடிவு பண்ணாதீங்க. பாக்டீரியாவை எதிர்ப்பது நியூட்ரோஃபில்தான். 2.1-ஐ 22-ஆல் பெருக்கி 100-ஆல் வகுங்க: நியூட்ரோஃபில் எண்ணிக்கை 0.46. 0.5-க்குக் கீழே போனா பாக்டீரியாவை எதிர்க்க ஆளே இல்லாத மாதிரி.

பானடோல் வேண்டவே வேண்டாம். நியூட்ரோஃபில் குறைஞ்ச உடம்பில் சீழ் வைக்காது, சரியாச் சிவக்காது. காய்ச்சல் ஒண்ணுதான் காட்டிக்கொடுக்கும், அதையும் மருந்து மறைச்சிடும். அக்குளில் அளங்க, ஆசனவாயில் தெர்மாமீட்டர் கூடாது. ஒரு தடவை 38.3 அல்லது 38.0 ஒரு மணி நேரம் நின்னா, நடுராத்திரியா இருந்தாலும் கிளம்புங்க. வார்டில் தந்த அட்டையில் வேற எண் இருந்தா அதையே பின்பற்றுங்க. அவசரப் பிரிவில் வரிசையில் நிக்காதீங்க. "கீமோ பிள்ளை, காய்ச்சல்"னு முதல் வார்த்தையிலேயே சொல்லுங்க. ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏறணும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும் நாட்களில் சூடே தெரியாமப் போகலாம். பிள்ளை சோர்ந்து, கைகால் சில்லுன்னு இருந்தாலும் போயிடுங்க.

செந்தூல் அம்மா:
அப்போ 0.8-க்கு ஏறிட்டா கூட்டத்துக்குப் போகலாம்தானே?

மருந்தாளர், கே.எல்.:
இல்லைங்க. நியூட்ரோஃபில் பாதிக் கதைதான். அது ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்காது, அதனால் எலும்பு மஜ்ஜை தடுமாறினா முதலில் விழும், மருந்தை நிறுத்தினா சில வாரத்தில் ஏறும். தட்டம்மை, சின்னம்மை, ஃப்ளூவைத் தடுப்பது லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு. இந்தச் சிகிச்சை குறிவைப்பதே அந்த வகை அணுக்களை. அது மீள மாதக்கணக்கு ஆகும், முன்பு போட்ட ஊசிகளின் பலமும் குறையும். வாரத்தில் 2, 3 நாள் கோ-ட்ரைமோக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் தருவதும் இதுக்காகத்தான்: நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்று வராமலிருக்க. ரத்தம் நல்லா இருக்குன்னு அதை விட்டுடாதீங்க. பத்துமலைக் கூட்டம் இந்த வருஷம் வேண்டாம்.

தங்கச்சிக்கு எம்.எம்.ஆர். தாராளமாப் போடுங்க, அது ஒட்டாது. அவளுக்குத் தட்டம்மை வராம இருப்பதே இவனுக்குக் காவல். இவனுக்கு மட்டும் உயிருள்ள தடுப்பூசிகள் கீமோ முடிஞ்சு குறைந்தது 6 மாதம் வரை கிடையாது. தட்டம்மைப் பிள்ளை பக்கத்தில் இருந்தது தெரிஞ்சா அன்னைக்கே வார்டுக்குப் போன் போடுங்க. இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரத ஊசி) 6 நாளுக்குள் போட்டாகணும்.

இன்னொன்று: எண்ணிக்கை திரும்பத் திரும்ப 0.5-க்குக் கீழே விழுந்தா என்.யு.டி.டி.15 மரபணுச் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்க. அதில் மாற்றம் உள்ளவங்களுக்கு 6-எம்.பி. அளவைக் குறைக்கணும், ஆசியர்களிடம் இது அதிகம். நீங்களா மாத்திரையைக் குறைக்காதீங்க.