ஏஐ வீடியோ: கடைசிவரை ஒரே முகம் நிற்க எந்தக் கருவி?

மைக்கறை கேட்டது:

நான் சிறுகதை எழுதுகிறவன். கேமரா பிடிக்கத் தெரியாது, நடிகர்களைக் கூட்டவும் வசதியில்லை. என் கதை ஒன்றை மூன்று நிமிடக் குறும்படமாக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஆள்தான், வயதான கடிகார ரிப்பேர்க்காரர். வசனமே கிடையாது. ஒரு கைக்கடிகாரத்தைத் திறக்கிறார், உள்ளே எதையோ பார்க்கிறார், மூடிவிடுகிறார். அவ்வளவுதான் கதை.

எழுதிக் கொடுத்தால் வீடியோ தரும் கருவிகளில் ரன்வே, க்ளிங், வியோ மூன்றையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கிளிப்பும் தனியாகப் பார்த்தால் அசத்தல். அடுத்தடுத்து வைத்தால் கிழவர் ஆளே மாறிவிடுகிறார். ஒரு ஷாட்டில் முழு நரை, அடுத்ததில் பாதி நரை. மூக்குக்கண்ணாடி வருகிறது, போகிறது. கைகள் அதைவிட மோசம். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பும்போது அதன் முனை விரலுக்குள் கரைந்துபோய்க் கடிகாரத்தின் மறுபக்கம் முளைக்கிறது! கதையே அந்தக் கைகளில்தான் இருக்கிறது.

ஏதாவது ஒன்றுக்குத்தான் என்னால் சந்தா கட்டமுடியும். எதற்குக் கட்டலாம்? ‘எல்லாம் தேவையைப் பொறுத்தது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது எனக்கே தெரியும்.

சட்டகம்:

கூகிளின் வியோ 3. யோசிக்கவே வேண்டாம். 2025 மே மாதம் வந்தபோதே படத்தோடு ஒலியையும் சேர்த்துக் கொடுத்தது. கடிகாரக் கதைக்கு டிக் டிக் சத்தம் வேண்டாமா?

வெட்டுமேசை:

ஒலியை நான் கணக்கிலேயே எடுக்கமாட்டேன். எட்டு நொடிக் கிளிப் ஒவ்வொன்றிலும் டிக் டிக் வேறு மாதிரி வரும், ஒட்டிப் பார்த்தால் காது கண்டுபிடித்துவிடும். வசனமில்லாத படம்தானே, ஒலியைக் கடைசியில் ஒரே தடமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வசனம் இருந்தால் சட்டகம் சொல்வதுதான் சரி.

நான் எடிட்டர். இப்படிப்பட்ட கிளிப்புகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. முகம் மாறுவதற்குக் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை, நீங்கள் எழுத்தை மட்டும் கொடுக்கிறீர்கள். இந்த மாடல்கள் வெறும் இரைச்சலில், அதாவது அர்த்தமில்லாத புள்ளிக் குவியலில் தொடங்கி, உங்கள் வரிகளுக்குப் பொருந்தும்வரை அதைத் துலக்கித் துலக்கிப் படமாக்குகின்றன. ஒரு கிளிப்பின் ஃபிரேம்களைச் சேர்த்தே துலக்குவதால் அதற்குள் முகம் நிற்கிறது. அடுத்த கிளிப் புது இரைச்சலில் தொடங்கும். முந்தைய கிழவர் யாரென்றே அதற்குத் தெரியாது. ‘நரைத்த முடி, வட்டக் கண்ணாடி’ என்றால் ஆயிரம் கிழவர்கள் பொருந்துவார்கள்.

அதனால் முதலில் படம், அப்புறம் அசைவு. கிழவரின் நிலைப்படங்களைத் தயார் செய்யுங்கள்: நேர்முகம், பக்கவாட்டு, கைகள் மட்டும். ஒவ்வொரு ஷாட்டின் முதல் ஃபிரேமும் அவற்றிலிருந்தே வரட்டும். பிறகு பிராம்ப்டில், அதாவது எழுதிக் கொடுக்கும் வரிகளில், ஆளை வருணிக்கவே வேண்டாம். எது அசைகிறது, கேமரா எங்கே போகிறது, இரண்டு வரி போதும். கதை எழுதுகிறவர்களுக்கு இது கஷ்டம்தான்.

இப்படிப் பார்த்தால் உங்களுக்கு ரன்வே அல்லது க்ளிங். 2025 மார்ச்சில் வந்த ரன்வேயின் ஜென்-4 மாடலில் ஆளின் படத்தை ரெஃபரன்ஸாக, அதாவது பார்த்துச் செய்யும் மாதிரியாகக் கொடுத்தால் அதே ஆளை வேறு இடத்தில், வேறு வெளிச்சத்தில் வைத்துத் தருகிறது. க்ளிங்கில் எனக்குப் பிடித்தது முதல் ஃபிரேம், கடைசி ஃபிரேம் இரண்டையும் கொடுக்கும் வசதி. மூடிய கடிகாரம் ஒரு படம், திறந்த கடிகாரம் ஒரு படம், நடுவில் உள்ளதை அது நிரப்பும். வியோவிலும் கூகிளின் ஃப்ளோ என்ற வீடியோக் கருவி வழியாக இது உண்டு, ஆனால் எனக்குக் கை பழகியது க்ளிங்தான்.

கைகளுக்கு வருகிறேன். விரலும் கருவியும் ஒன்றையொன்று மறைத்து மறுபடி வெளிப்படும் இடத்தில் எல்லா மாடலும் தடுமாறும். திருகுவதைக் காட்டவே காட்டாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் கடிகாரத்தை நெருங்கும்வரை ஒரு ஷாட். வெட்டு. கிழவரின் கண், இமைக்காமல். வெட்டு. கழன்ற ஸ்க்ரூ மேசைமேல் லேசாக உருண்டு நிற்கிறது. திருகியதைப் பார்த்தேன் என்று பார்த்தவர் சத்தியமே செய்வார்.

சந்தா கட்டுமுன் உங்கள் படத்தின் ஆகக் கடினமான ஷாட்டை மூன்றிலும், ஒரே முதல் ஃபிரேமோடு ஓட்டிப் பாருங்கள். அந்தி வானம், ஓடும் குதிரை எல்லாம் எதிலும் அழகாகத்தான் வரும்.

மைக்கறை:

நன்றி, இது புரிகிறது. ஆனால் கடிகாரத்துக்குள் அவர் பார்க்கும் ஷாட்டை வெட்டாமல் நீளமாக வைக்க ஆசை.

தனிக்கணினி:

நீளம் என்றால் பெரும்பாலும் ஐந்து, எட்டு, பத்து நொடிக் கணக்குதான். ஒரு கிளிப்பின் கடைசி ஃபிரேமை அடுத்ததற்கு முதல் ஃபிரேமாகக் கொடுத்து நீட்டலாம். ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் நிறம் அடர்ந்து, தோல் கொஞ்சம் கொஞ்சமாக மெழுகாகும். பார்த்துக்கொண்டிருக்கும் ஷாட்டில் அசைவு குறைவுதானே, பாதி வேகத்தில் ஓட்டுங்கள். யாருக்கும் தெரியாது.

நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் சந்தாவே வேண்டாம். அலிபாபா 2025 பிப்ரவரியில் வெளியிட்ட வான் 2.1 என்ற வீடியோ மாடல், யாரும் இலவசமாகப் பயன்படுத்தவிடும் அபாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது. சொந்தக் கணினியிலேயே மாடல்களை ஓட்டும் கம்ஃபியுஐ என்ற மென்பொருளில் ஓட்டலாம், சந்தாவில் அளந்து கொடுக்கும் கிரெடிட் தீரும் பயமில்லை. அதன் சின்ன மாடல் 8 ஜிபியைக் கொஞ்சம் தாண்டிய கார்டு நினைவகத்திலேயே ஓடும், ஆனால் அது எழுத்திலிருந்து வீடியோ செய்வதற்கு. வெட்டுமேசை சொல்வதுபோல் படத்திலிருந்து தொடங்க 1,400 கோடி அளவுருக்கள் (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) கொண்ட பெரிய மாடல் வேண்டும். அங்கேதான் கார்டு மூச்சு வாங்கும்.

சட்டகம்:

சரி, ஒலியை விட்டுக்கொடுக்கிறேன். படத்தைப் போட்டிக்கோ விழாவுக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால், எந்தத் திட்டத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி, எதில் வாட்டர்மார்க் விழும் என்று முதலிலேயே பாருங்கள். கூகிள் தன் வீடியோக்களில் சிந்த்ஐடி என்ற கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தையும் வைக்கிறது. ஏஐயில் செய்தது என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

மைக்கறை:

கார்டு இல்லை, பழைய லேப்டாப்தான். க்ளிங், ரன்வே இரண்டிலும் அந்த ஸ்க்ரூ ஷாட்டை ஓட்டிவிட்டு ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுகிறேன். ஒரு சந்தேகம்: நிலைப்படங்களை நானே பென்சிலில் வரைந்து கொடுத்தால் எடுத்துக்கொள்ளுமா?

வெட்டுமேசை:

எடுத்துக்கொள்ளும். கோடுகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் நெளியும், எனக்கு அது பிடிக்கும். கைகளை மட்டும் ஃபிரேம் நிறையப் பெரிதாக வரையுங்கள். சின்னதாக இருந்தால் மாடல் படத்தைச் சுருக்கும்போது விரல்கள்தான் முதலில் குழம்பும்.