பெரிய வீட்டு வாட்ஸ்அப் குழு: நிலா காரில் போகலாமா?

டிசம்பர் 28, ஞாயிறு

காலை 9:10
நிலா: எல்லோருக்கும் வணக்கம். ராணுவ ஆர்டர் வந்துவிட்டது. ஜனவரி 11 ஞாயிற்றுக்கிழமைக்குள் அரிசோனா, ஃபோர்ட் வாச்சூகா ராணுவத் தளத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டும். உளவுப் பிரிவு அதிகாரிகளுக்கான முதல் பயிற்சி. காரிலேயே போய்விடுகிறேன்.

அம்மா: "போகட்டுமா" இல்லை, "போய்விடுகிறேன்". எல்லோரும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா (தென்காசி): லெப்டினன்ட் அம்மாவுக்கு ஒரு ஓய்வுபெற்ற சுபேதாரின் சல்யூட். நியூ ஜெர்சியிலிருந்து எவ்வளவு தூரம்?

நிலா: 2,400 மைலுக்கு மேல், பெரியப்பா. 3,900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் நம் என்.எச்.44 மொத்தமே 3,745 தான். அதைவிட அதிகம். தனியாகவா?

அத்தை (டென்வர்): தனியாக எதற்கு? எங்கள் வழியாக வரட்டும். இரண்டு நாள் தங்கி, நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

சித்தப்பா (டாலஸ்): ஜனவரியில் டென்வர் வழியா? அக்கா, அங்கிருந்து தெற்கே இறங்க ராட்டன் கணவாயைத் தாண்ட வேண்டும். 7,800 அடி உயரம்.

அத்தை: பதினெட்டு வருடமாக நான் பனியில்தான் ஓட்டுகிறேன், தம்பி.

சித்தப்பா: உங்கள் காரில் பனிக்கால டயர் இருக்கிறது. அவள் காரில்?

நிலா: ஆல் சீசன்.

அத்தை: அது பேரில் மட்டும்தான் எல்லா சீசனும். 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (7 செல்சியஸ்) கீழே போனால் அந்த ரப்பர் விறைத்துவிடும், பிடிப்பு போய்விடும். சரி, சித்தப்பா சொல்வதைக் கேள். சாப்பாட்டைக் கோடையில் வந்து சாப்பிட்டுக்கொள்.

காலை 9:41
அம்மா: விமானத்தில் போனால் ஐந்தாறு மணி நேரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நிலா: அம்மா, நாலு மாதம் அங்கே இருக்க வேண்டும். ஊர் பெயர் சியாரா விஸ்டா. பெரிய விமான நிலையம் வேண்டுமென்றால் டூசான், 75 மைல். கார் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது.

அம்மா: காரை லாரியில் ஏற்றி அனுப்பு.

நிலா: உள்நாட்டுக்குள் காரை லாரியில் அனுப்பினால் ராணுவம் பொதுவாகக் காசு தராது. ஆயிரம் டாலருக்கு மேல் நம் கையிலிருந்து போகும். ஓட்டிக்கொண்டு போனால் மைலுக்கு இவ்வளவு என்று தருவார்கள், தினப்படியும் உண்டு.

அம்மா: ஆயிரம் டாலருக்கா நான் பத்து நாள் தூங்காமல் கிடக்க வேண்டும்?

அப்பா: இரு. முதலில் திட்டம் என்னவென்று சொல்லட்டும். என்றைக்குக் கிளம்புகிறாய், எந்த வழி?

நிலா: 7ஆம் தேதி காலை. ஒரு நாளைக்கு 600 மைல், நாலு நாள். மேப் காட்டுகிற குறுக்கு வழி: செயின்ட் லூயிஸ், ஓக்லஹோமா சிட்டி, அமரில்லோ. 10ஆம் தேதி இரவு சேர்ந்துவிடுவேன்.

சித்தப்பா: ஓக்லஹோமாவில் பனியைவிட உறைமழை மோசம். மழை மாதிரிதான் விழும், தரையைத் தொட்டதும் கண்ணாடி ஆகிவிடும்.

நிலா: அதனால்தான் நாலு நாளும் வானிலை பார்த்துக்கொண்டே போவேன்.

பெரியப்பா: பார்த்து? மழை வந்தால் என்ன செய்வாய்?

நிலா: நின்றுவிடுவேன்.

பெரியப்பா: எத்தனை நாள் நிற்க முடியும்?

(நிலா டைப் செய்கிறாள், நிறுத்துகிறாள், மறுபடி டைப் செய்கிறாள். நாலு நிமிடம்.)

நிலா: அரை நாள்.

பெரியப்பா: அதைத்தான் கேட்டேன் அம்மாடி. ஒரு கதை சொல்கிறேன், அவசரமில்லாதவர்கள் படியுங்கள். நான் சிப்பாயாக இருந்தபோது லீவு முடிந்து ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் போகிற கான்வாயில் ஏறினேன். பனிஹாலுக்குக் கீழே பாதை மூடிவிட்டது. மூன்று நாள் லாரியிலேயே உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்கும் பதற்றமில்லை. ஏன் தெரியுமா? பாதை மூடியிருந்தது என்று கான்வாய் கமாண்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார், தாமதம் எங்கள் தலையில் விழாது. உன் காரில் கமாண்டரும் நீதான், டிரைவரும் நீதான். தேதி நெருங்க நெருங்க டிரைவர் சொல்வதைத்தான் கமாண்டர் கேட்பார்.

அப்பா: அண்ணா சொல்வது சரி. நிலா, ராணுவம் உனக்குப் பயணத்துக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறது?

நிலா: 350 மைலுக்கு ஒரு நாள் கணக்கு.

அப்பா: அப்படியானால் ஏழு நாள். அவர்களே ஏழு நாள் கொடுக்கிற தூரத்தை நீ எதற்கு நாலு நாளில் ஓட்டுகிறாய்?

நிலா: 5, 6 தேதிகளில் காலேஜ் நண்பர்கள் எல்லோரும் நியூயார்க்கில் கூடுகிறோம். அதற்குப் பிறகு ஆளுக்கொரு திசை அப்பா.

அம்மா: ஆக, விஷயம் பனி இல்லை. பார்ட்டி.

நிலா: அம்மா!

சித்தப்பா: அண்ணி, விடுங்கள். அந்த வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். நிலா, நான் ஒரு வழி சொல்கிறேன். ஐ-81 நெடுஞ்சாலையைப் பிடித்து வர்ஜீனியா வழியாக இறங்கு. ஸ்டான்டனில் முதல் இரவு. இரண்டாம் இரவு சட்டனூகா, மூன்றாவது ஜாக்சன், நாலாவது டாலஸ், அதாவது எங்கள் வீடு. அப்புறம் மிட்லாண்ட், எல் பாஸோ, அடுத்த நாள் உன் ஊர். வர்ஜீனியா மலைப்பக்கத்தைத் தாண்டிவிட்டால் பனிக்கு வாய்ப்பு குறைவு.

அத்தை: தெற்கு என்றால் பயமே இல்லை என்று அவளுக்குச் சொல்லிவிடாதே.

சித்தப்பா: சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரி 11 எனக்கு மறக்காது. ஃபோர்ட் வொர்த்தில் ஐ-35 வெஸ்ட் சாலையில் விடிவதற்கு முன் 133 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஆறு பேர் இறந்துபோனார்கள். சும்மா தூறல்தான் விழுந்து உறைந்திருந்தது. நிலா, பாலத்தில் எப்போதும் வேகத்தைக் குறை. சாலை ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும், அடியிலும் குளிர்காற்று போகிறதல்லவா? டெக்சாஸில் உறைமழை என்று சொன்னால் நீ எங்கள் வீட்டை விட்டு நகரவே கூடாது.

காலை 10:26
பாட்டி: 🎤 1:12

அப்பா: ஒலிச்செய்தியைக் கேட்க நேரமில்லாதவர்களுக்கு: ராத்திரியில் ஓட்டக் கூடாது, வண்டியில் விபூதி இருக்க வேண்டும், பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புகிறவன் தகப்பனா. மூன்றாவது எனக்கு.

அம்மா: உங்கள் அம்மா கேட்டது நியாயம்தான்.

அப்பா: அதனால் நான் டாலஸ் வரை கூட வருகிறேன். அங்கிருந்து விமானத்தில் திரும்பிவிடுவேன். தம்பியைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

நிலா: அப்பா, 1,500 மைலும் உங்கள் பாட்டையா கேட்க வேண்டும்?

அப்பா: நீ ஓட்டும்போது உன் பாட்டு. நான் ஓட்டும்போது என் பாட்டு. நீ தூங்கலாம்.

மதியம் 1:05
நிலா: சரி. நியூயார்க் நண்பர்களிடம் பேசிவிட்டேன். புத்தாண்டு அன்றைக்கே சந்திக்கிறோம். 3ஆம் தேதி சனிக்கிழமை காலை கிளம்புகிறோம். 6 இரவு டாலஸ், 7 ஓய்வு, 10 மாலை சியாரா விஸ்டா. நடுவில் ஒரு நாள் கையில் இருக்கிறது, கடைசியில் ஒரு நாள்.

அம்மா: 3ஆம் தேதி இங்கேயே பனி கொட்டினால்?

நிலா: வீட்டிலேயே இருப்போம். 5ஆம் தேதி வரைக்கும் கிளம்ப முடியவில்லை என்றால் விமானம், காரை லாரியில் அனுப்பலாம். என் காசு. போதுமா?

அம்மா: இதை எழுத்தில் தந்திருக்கிறாய். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

அத்தை: இப்போது என் முறை. கம்பளி இரண்டு, சின்ன மண்வெட்டி, டார்ச், கையுறை, தண்ணீர், பூனைக்கு மணல் விற்பார்களே அது ஒரு மூட்டை. சக்கரம் வழுக்கினால் கீழே தூவலாம். பெட்ரோல் டாங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது, மேற்கு டெக்சாஸில் பெட்ரோல் பங்குகள் தூரம் தூரமாக இருக்கும். பனியில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதே. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜின் போடு. அதற்கு முன்னால் புகைக்குழாயை மூடிய பனியை மண்வெட்டியால் எடுத்துவிடு. இல்லாவிட்டால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே வரும். அதற்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

நிலா: அத்தை, நாங்கள் வடதுருவத்துக்குப் போகவில்லை.

அத்தை: 2022 ஜனவரியில் வர்ஜீனியாவில் ஐ-95இல் மாட்டியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். செனட்டர் டிம் கெய்ன் 27 மணி நேரம் காருக்குள் இருந்தார். பக்கத்துக் காரில் இருந்த குடும்பம் கொடுத்த ஆரஞ்சுப் பழம்தான் அவருக்குச் சாப்பாடு.

அம்மா: முறுக்கும் புளிசாதமும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆரஞ்சு எதற்கு?

சித்தப்பா: இன்னொன்று. பாஸ்போர்ட்டையும் ராணுவ அடையாள அட்டையையும் கைக்கெட்டும் இடத்தில் வை. லாஸ் குரூசஸ் தாண்டி எல்லைக் காவல் சாவடி இருக்கிறது. நம் முகத்துக்கு ஒரு கேள்வி கூடவே கேட்பார்கள். லார்ட்ஸ்பர்க் பக்கம் புழுதிப்புயல் எச்சரிக்கைப் பலகைகள் வரும். புழுதி எழுந்தால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, விளக்குகளை அணைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடு. பின்னால் வருகிறவன் உன் சிவப்பு விளக்கைப் பார்த்து அதுதான் சாலை என்று நினைத்து வந்து இடிப்பான்.

பெரியப்பா: எல்லாம் சரி. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

நிலா: ஸ்டெப்னி என்றால்?

பெரியப்பா: கடவுளே. இவளை அதிகாரி ஆக்கியிருக்கிறார்கள்.

அப்பா: டிக்கியில் கம்பளத்துக்கு அடியில் இருக்கும் மாற்றுச் சக்கரம், நிலா. போய்ப் பார்.

மதியம் 1:52
நிலா: 📷

நிலா: காற்று இல்லை. ஜாக்கியும் இல்லை. ஒரு பழைய ஃபுட்பால் ஷூ இருக்கிறது, ஒற்றைக் கால்.

பெரியப்பா: சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. பஞ்சர் கடை திறந்திருக்கிறதா பார்.